சாவியை அறியாத எஞ்சின்

ஜொகூர் மாநிலத்தார் வெள்ளத்தை அறியாதவர் அல்லர். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இருமுறை பெருகிய வெள்ளம் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய ஊர்களை மூழ்கடித்தது. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2023 மார்ச்சில் மீண்டும் வெள்ளம் வந்தபோது யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்கள் பெருந்துன்பத்திற்கு ஆளாயின. நிவாரண மையங்களில் தங்கியோர் தொகை 50,000ஐத் தாண்டியது.

நீர் வடிந்த பின் வீட்டைக் கழுவிவிடலாம். துணிமணிகளைத் துவைத்து உலர்த்தலாம். வாசலில் நின்று நனைந்த காரை என்ன செய்வது? வேலைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அந்த ஒரு காரையே நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இது சிறு கேள்வியன்று.

பழைய காலத்துக் காரானால் பட்டறைக்காரர் பிளக்கைக் கழற்றித் துடைப்பார்; எண்ணெயை மாற்றுவார்; கார்புரேட்டரைப் பிரித்துக் காற்றடிப்பார்; பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். இன்றைய காரில் அவ்வளவையும் செய்த பிறகும் எஞ்சின் சுழல்கிறதேயன்றிப் பற்றுவதில்லை. "ஈ.சி.யு. போய்விட்டது" என்கிறார் பட்டறைக்காரர். உடைமையாளர் பணத்தைப் புரட்டி, அதே வகைக் காரிலிருந்து கழற்றிய பழைய பெட்டி ஒன்றை வாங்கி வருகிறார். பெட்டி நல்ல பெட்டி. நேற்றுவரை வேறொரு காரில் குறையின்றி வேலை செய்தது. ஆயினும் வண்டி கிளம்பவில்லை. ஏன்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எஞ்சினுக்கு மூளை வந்த வரலாறு

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: காற்று, எரிபொருள், தக்க நேரத்தில் ஒரு தீப்பொறி. முற்காலத்தில் எரிபொருளை அளந்து தந்தது கார்புரேட்டர். பொறியைப் பங்கிட்டுத் தந்தது டிஸ்ட்ரிபியூட்டர். இரண்டும் கண்ணால் கண்டு, கையால் திருத்தத்தக்க கருவிகள். 1985இல் வெளிவந்த முதல் புரோட்டான் சாகா கார்புரேட்டர் கொண்ட வண்டியே.

மேனாட்டில் மாற்றம் முன்னரே தொடங்கிவிட்டது. 1967இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கு மின்னணு முறையில் எரிபொருளைப் பீச்சும் ஏற்பாட்டைச் செய்து தந்தது. 1979இல் அதே நிறுவனம் எரிபொருள், தீப்பொறி ஆகிய இரண்டையும் ஒரே பெட்டி ஆளும் மோட்ரானிக் என்னும் அமைப்பைப் பி.எம்.டபிள்யூ. காரில் பொருத்தியது. மலேசியாவில் 2000இல் வந்த வாஜா, 2004இல் வந்த ஜென்-2, 2005இல் வந்த பெரோடுவா மைவி ஆகியவையெல்லாம் இத்தகைய மூளையால் ஆளப்படும் கார்களே.

அந்த மூளைதான் பட்டறைகளில் ஈ.சி.யு. எனப்படும் எஞ்சின் கணினி. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய உலோகப் பெட்டி அது. எஞ்சின் எந்நிலையில் சுழல்கிறது, எவ்வளவு காற்று நுழைகிறது, நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பனவற்றை உணர்கருவிகள் அதற்கு ஓயாமல் தெரிவிக்கின்றன. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழலும்போது நொடிக்கு 100 தீப்பொறி வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் ஏற்ற நேரத்தையும், ஒவ்வொரு முறை பீச்ச வேண்டிய எரிபொருளின் அளவையும் கணினி கணக்கிட்டுத் தீர்மானிக்கிறது. அது மறுத்தால் எரிபொருளும் இல்லை, பொறியும் இல்லை.

மறுக்கும் ஆற்றல் எதற்கு?

இந்த மறுக்கும் ஆற்றலையே களவைத் தடுக்கும் ஆயுதமாக்கினர். முன்பெல்லாம் திருடன் சாவித் துளையைப் பெயர்த்து, இரண்டு கம்பிகளை முறுக்கி இணைத்துக் காரை ஓட்டிச் சென்றுவிடுவான். பூட்டு எவ்வளவு உறுதியானாலும் அது வெறும் இரும்பு. கம்பிக்குத் தன்னைத் தொடுபவன் யாரென்று தெரியாது. ஆனால் எஞ்சினின் மூளையே "நீ யார்?" என்று கேட்குமாயின் கம்பியை முறுக்குவதால் பயனில்லை. இவ்வாறு கேட்கும் ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். நாம் அதனை முடக்கி என்று வழங்குவோம்.

ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் புதிய கார்கள் யாவற்றிலும் முடக்கி இருக்க வேண்டும் என்று விதித்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஊர்ஸ், வொல்லார்ட் என்னும் ஆய்வாளர் இருவர் 1995 முதல் 2008 வரையிலான காலத்தை ஆராய்ந்து, முடக்கியின் வருகையால் கார்த் திருட்டு சராசரியாக நூற்றுக்கு 40 அளவு குறைந்தது என்று கண்டனர். இதன் மறுபக்கத்தை அமெரிக்கா காட்டியது. அங்கு முடக்கி கட்டாயமில்லை. முடக்கியின்றி விற்கப்பட்ட கியா, ஹுண்டாய் கார்கள் 2021 முதல் பல நகரங்களில் பெருமளவில் திருட்டுப் போயின. திருடும் முறையை இளைஞர்கள் காணொளிகளில் பரப்பினர். அண்டை நாடான கனடாவில் 2007 முதலே முடக்கி கட்டாயமாதலின் அத்தொல்லை அங்கு அவ்வாறு பரவவில்லை.

கங்காணியும் கிராணியும்

முடக்கி எவ்வாறு வேலை செய்கிறது? ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு இதை விளக்குவது எளிது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவர். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிடுவார். பெயர் ஏட்டில் உள்ளவருக்கே அன்று வேலை. கிராணி ஒப்பமிட்ட சீட்டு கையில் வந்த பின்னரே கங்காணி ஆட்களை நிரைக்கு அனுப்புவார் என்று வைத்துக்கொள்வோம்.

காரிலும் இம்மூவர் உளர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய சில்லு ஒன்று இருக்கிறது, அதுவே ஆள். முடக்கிப் பெட்டி கிராணி. எஞ்சின் கணினி கங்காணி.

பல கார்களில் சாவி நுழையும் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. சாவியைத் திருப்பியதும் அச்சுருள் நொடிக்கு 1,25,000 தடவை அதிரும் காந்தப் புலம் ஒன்றை எழுப்புகிறது. சில்லுக்கென்று மின்கலம் கிடையாது. அந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்று விழித்துத் தன் அடையாளத்தைக் கூறுகிறது. முடக்கி தன் ஏட்டில் அந்த அடையாளத்தைத் தேடுகிறது. கண்டதும், கம்பி வழியே எஞ்சின் கணினிக்குச் சீட்டு அனுப்புகிறது. கணினி ஒப்பத்தைச் சரிபார்த்து எரிபொருளை விடுகிறது. இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் ஓட்டுபவர் உணர்வதேயில்லை.

முதலில் வந்த சில்லுகள் மாறாத ஓர் எண்ணை மட்டும் கூறின. அதை ஒட்டுக் கேட்டவன் தானும் அவ்வாறே கூறலாம். ஆகவே பின்னர் வந்தவற்றில் முடக்கி ஒவ்வொரு தடவையும் புதுப்புதுக் கணக்கொன்றைக் கொடுக்கிறது. மறைவெண்ணை அறிந்த சில்லே சரியான விடை கூற இயலும். இதிலும் பலம், பலவீனம் உண்டு. 40 இரும இலக்கங்கள் கொண்ட மறைவெண்ணுக்கு ஏறத்தாழ 1,10,000 கோடி வாய்ப்புகள் உள்ளன. இத்தனை இருந்தும், அவ்வகைச் சில்லொன்றின் மறைவெண்ணைக் கண்டுபிடிக்கலாம் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தாருடன் சேர்ந்து, 2005இல் மெய்ப்பித்தனர். அதன்பின் வந்த சில்லுகளில் 128 இலக்க மறைவெண்கள் இடம்பெறலாயின.

இப்பொழுது நம் கேள்விக்கு விடை தெளிவாகிறது. கடையில் வாங்கிய பழைய பெட்டி வேறு தோட்டத்திலிருந்து வந்த கங்காணி. அவருக்குத் தம் பழைய கிராணியின் ஒப்பமே தெரியும். இந்தத் தோட்டத்துக் கிராணி நீட்டும் சீட்டை அவர் ஏற்பதில்லை. ஆள் உண்மையான ஆள். கிராணி உண்மையான கிராணி. கங்காணியும் தொழில் தெரிந்தவர். குறை எவரிடமும் இல்லை. ஒருவரையொருவர் அறியாமையே குறை. எனவேதான் எஞ்சின் சுழன்றும் பற்றாமல் நிற்கிறது. சில வண்டிகளில் ஒன்றிரண்டு நொடி ஓடி உடனே அணைந்துவிடும்.

அறிமுகம் செய்து வைக்கும் வழிகள்

இந்த அறிமுகத்தை ஏற்படுத்த நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி, வெற்று ஏட்டுடன் வரும் புத்தம் புதிய பெட்டியை வாங்குவது. தயாரிப்பாளரின் சோதனைக் கருவியைக் காரில் செருகி, இரகசியக் குறியீட்டை இட்டு, காரின் 17 எழுத்துகொண்ட அடிச்சட்ட எண்ணை எழுதி, முடக்கியுடன் இணைப்பர். செலவு மிகுதி, ஐயம் குறைவு.

இரண்டாம் வழி, கணினி, முடக்கி, சாவிச் சில்லு மூன்றையும் ஒரே பழைய காரிலிருந்து கூட்டாகக் கொண்டுவருவது. மலாயில் கெடாய் பொத்தோங் எனப்படும், கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் இவ்வாறு கேட்டு வாங்கலாம். தோட்டத்தின் மூவரையும் ஒருசேர அழைத்து வருவது போன்றது இது. அறிமுகம் தேவையில்லை. ஆனால் கடைக்காரர் பெட்டியை மட்டும் விற்றுவிட்டுச் சாவியைத் தொலைத்திருப்பாராயின் இவ்வழி அடைபட்டது.

மூன்றாம் வழி, பழுதான பெட்டியின் நினைவைப் பெயர்த்து வேறொரு பெட்டியில் எழுதுவது. பழைய கங்காணியின் குறிப்பேட்டை எழுத்துப் பிசகாமல் படியெடுத்துப் புதியவர் கையில் கொடுப்பதற்கு இது ஒப்பாகும். இணக்கத்திற்குரிய செய்திகள் பல கார்களில் எட்டுக் கால் கொண்ட ஒரு சிறு நினைவுச் சில்லில் அடங்கியுள்ளன. 93சி56 என்னும் எண்ணுடைய சில்லு பரவலாகப் பயன்பட்டது. அதன் கொள்ளளவு 256 பைட். தமிழ் எழுத்துகள் 247. ஒவ்வொன்றையும் ஒரு பைட்டில் ஒருமுறை எழுதினால் அச்சில்லு ஏறக்குறைய நிரம்பிவிடும். இவ்வளவு சிறிய இடத்தில்தான் கார் ஓடுவதும் ஓடாததும் அடங்கியிருக்கிறது! பெட்டியின் மற்றப் பாகங்கள் வெள்ளத்தில் கெட்டிருந்தாலும் இச்சில்லு பிழைத்திருப்பதுண்டு. கைதேர்ந்தவர் அதைப் படித்துப் புதுப் பெட்டியில் எழுதிவிட்டால் காரின் பழைய சாவிகளே செல்லும்.

நான்காம் வழி, வாங்கிய பெட்டியின் பழைய நினைவைத் துடைத்துப் புதியதைப் போலாக்கிப் பிறகு இணைப்பது. இதற்கு எல்லாப் பெட்டிகளும் இடங்கொடுப்பதில்லை. அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் நினைவு தனிச் சில்லில் இல்லாமல் கணினியின் கருவிலேயே மறைகுறியாக்கிப் பதிந்திருக்கிறது. அவற்றைத் தயாரிப்பாளரின் கணினி நிலையத்துடன் இணையவழித் தொடர்பு கொண்டே இணைக்க முடியும்.

ஐந்தாவதாகக் குறுக்கு வழி ஒன்றும் உண்டு. கணினி எவரையும் கேள்வி கேட்காதபடி அதன் நிரலை மாற்றிவிடுவர்; அல்லது சில்லொன்றைச் சாவித் துளையின் அருகே நிரந்தரமாக ஒட்டிவைப்பர். கார் ஓடும், ஆனால் இரும்பைச் செதுக்கிய எந்தச் சாவிக்கும், முறுக்கிய எந்தக் கம்பிக்கும் ஓடும். முடக்கியை நீக்கியது உடைமையாளருக்குத் தெரியாமலும் இருக்கலாம். "என் காரில் முடக்கி இன்னும் வேலை செய்கிறதா?" என்று பட்டறையில் கேட்பது அவருடைய உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

பழியைச் சுமத்துமுன்

நிற்க. கணினிதான் கெட்டது என்பதை எவ்வாறு அறிவது? கிளம்பாத கார்களில் பலவற்றின் நோய் வேறிடத்தில் இருக்கும். மின்கலம் தளர்ந்திருக்கலாம்; உருகி எரிந்திருக்கலாம்; கணினிக்கு மின்சாரம் தரும் ரிலே ஒட்டாமல் இருக்கலாம்; உடற்சட்டத்தில் இணைந்த நிலக்கம்பி துருவேறியிருக்கலாம். மின்சாரமும் நிலக்கம்பியும் சரியாகக் கிடைக்கின்றனவா என்று அளந்து பார்க்காமல் கணினியைக் குற்றவாளியாக்குவது நீதியன்று.

கருவிப் பலகையில் உள்ள சாவி வடிவ விளக்கு விடாது மினுக்கினால் பெரும்பாலும் ஆளை அடையாளம் தெரியவில்லை என்று பொருள். அப்போது முதலில் செய்ய வேண்டியது இரண்டாவது சாவியால் முயல்வதே. சோதனைக் கருவி பி0513 என்ற குறியைக் காட்டினால் சாவி ஏற்கப்படவில்லை என்றும், பி0606 என்று காட்டினால் கணினியின் உட்கருவில் கோளாறு என்றும் கொள்ளலாம்.

வெள்ளத்தில் நனைந்த பெட்டி கெடுவதற்கு நீர் மட்டும் காரணமன்று. மின்கலம் இணைந்திருக்கும்போது அழுக்கு நீருக்குள் மின்னோட்டம் பாய்ந்து செப்பு ஊசிகளை அரிக்கிறது. பச்சை நிறக் களிம்பு படர்கிறது. எனவே நீரில் நின்ற காரை ஒருபோதும் கிளப்பிப் பார்க்கலாகாது. முதற்காரியமாக மின்கலத்தின் இணைப்பைக் கழற்ற வேண்டும். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் ஒருமுறை சுழற்றுவதே அதன் தண்டுகளை வளைத்துவிடக்கூடும்.

வெள்ளமின்றியும் பெட்டி கெடுவதுண்டு. மின்கலத்தின் நேர், எதிர் முனைகளை மாற்றிப் பூட்டுதல், இணைப்பைக் கழற்றாமல் காரில் வெல்டிங் செய்தல், 1990களில் செய்த சில ஜப்பானியக் கணினிகளில் மின்தேக்கி கசிந்து பலகையை அரித்தல் ஆகியவை பட்டறைக்காரர் நன்கறிந்த காரணங்கள். மின்தேக்கி மட்டும் கசிந்ததாயின் அதை மாற்றிப் பெட்டியையே பிழைக்க வைக்கலாம். முடக்கியைத் தொடவே வேண்டியதில்லை.

பூட்டின் திறவுகோல் யாரிடம்?

இங்கே ஒரு பெரிய கேள்வி எழுகிறது. திருடனைத் தடுக்கச் செய்த பூட்டு, உடைமையாளரையும் அவர் நம்பிச் செல்லும் சிற்றூர்ப் பட்டறையையும் சேர்த்தே தடுக்கிறது. குளுவாங்கிலோ லாபிசிலோ முப்பதாண்டு தொழில் செய்த பட்டறைக்காரர் எஞ்சினை முழுமையாகப் பிரித்துக் கோக்க வல்லவர். ஆனால் இரகசியக் குறியீடு இல்லாமல் ஒரு சாவியைக்கூட அவரால் அறிமுகம் செய்து வைக்க இயலாது. வேலை அவர் கையை விட்டுப் போகிறது. செலவு உடைமையாளர் தலையில் ஏறுகிறது. அதற்காகக் குறியீட்டை எல்லார்க்கும் திறந்துவிட்டால் திருடனுக்கும் திறந்ததாகும்.

மேனாடுகள் இதற்கு நடுவழி தேடுகின்றன. தனிப் பட்டறைகளுக்கும் பழுதுநீக்கும் செய்திகளைத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் 715ஆம் எண் ஒழுங்குமுறையால் விதித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012இல் இத்தகைய உரிமையைப் பெரும்பான்மையால் ஆதரித்தனர். களவுத்தடை பற்றிய செய்திகளை மட்டும், பின்னணி ஆராய்ந்து பதிவு செய்யப்பட்ட தொழிலாளருக்கே தரும் முறையும் அங்கெல்லாம் உண்டு. பூட்டைத் திறப்பவர் யார், யாருடைய காரை, எந்த ஆதாரத்தின் பேரில் திறந்தார் என்று பதிவாவதே இதன் உயிர்நாடி. பூட்டை உடைப்பதைவிட, திறப்பவரைப் பொறுப்பாளியாக்குவதே அறிவுடைமை.

நேர்மையான பட்டறைக்காரர் காரின் பதிவுச் சான்றையும் அடையாள அட்டையையும் கேட்டால் சினம் கொள்ளலாகாது. கேட்காதவரிடமே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எஞ்சின் கணினியை மாற்றுவதால் எஞ்சின் எண் மாறுவதில்லை என்பதும் நினைவிற்குரியது. எஞ்சினையே மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அதைப் பதிந்தாக வேண்டும்.

உடைமையாளர் செய்யத்தக்கவை

சாதாரண மக்கள் கைக்கொள்ளத்தக்க சில காரியங்கள் உள. கார் வாங்கும்போது இரண்டு சாவிகளையும், இரகசியக் குறியீடு எழுதிய அட்டை இருந்தால் அதையும் கேட்டுப் பெறுக. அட்டையைக் காருக்குள் வைத்தல் கூடாது. வீட்டில் உயரமான, நனையாத இடத்தில் வைக்க வேண்டும்.

கணினி மாற்றும் நாளில் எல்லாச் சாவிகளையும் பட்டறைக்குக் கொண்டு செல்க. பல கார்களில் புதிதாகச் சாவியைப் பதியும்போது முன்பு பதிந்தவை அழிந்துவிடும். வீட்டில் விட்டு வந்த சாவி வெறும் இரும்பாகும்.

பழைய பெட்டியை வாங்குமுன் மேலொட்டிய சீட்டில் உள்ள பாக எண் முழுவதையும், கடைசி எழுத்து வரை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கியர் கையால் மாற்றும் காருக்கும் தானியங்கும் காருக்கும் பெட்டி வேறாக இருக்கலாம்.

இணைக்கும் வேலை நடக்கும்போது மின்கலம் தளரக்கூடாது. துணை மின்னூட்டி வைக்க வேண்டும். பாதியில் மின்சாரம் குன்றினால் பெட்டி எழுதியும் எழுதாமலும் பாழாகும். குறியீட்டை ஊகித்து ஊகித்து இட்டுப் பார்த்தலும் கூடாது; சில தவறுகளுக்குப் பின் முடக்கி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பழுதான பழைய பெட்டியைப் பட்டறையிலேயே விட்டுவரக் கூடாது. குப்பையிலும் எறியக் கூடாது. அது ஓடாத பெட்டியாயினும் அந்தக் காரின் நினைவு அதற்குள்தான் இருக்கிறது. புதியது இணங்க மறுத்தால் பழையதிலிருந்தே மறைவெண்ணைப் பெயர்க்க வேண்டியிருக்கும். வேலை முடிந்து, எல்லாச் சாவிகளாலும் வண்டி கிளம்புகிறதென்று கண்டறிந்து, சில வாரங்கள் ஓட்டிப் பார்த்த பின்னரே அதற்கு விடைகொடுக்கலாம்.